கராஜுக்கு அனுப்பிய பதினோரு குழந்தைகள்

மண்ணும் நிலத்தடி நீரும் பார்க்கும் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

உங்களில் பலர் அந்த ஸ்லைடைப் பார்த்திருப்பீர்கள். பயிற்சி வகுப்பின் இரண்டாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கம் சொக்கும் நேரத்தில் போடுவார்கள். மேலே ஒரு வீட்டின் படம், கீழே தண்ணீர் நிரம்பிய ஒரு குழி, பக்கத்தில் மூன்று வரி. நிலம் நகர்வதைப் பொறியாளர் உடனே கண்டுகொண்டார், குழியை நீரால் நிரப்பினார், எழுபது பேர் காப்பாற்றப்பட்டனர். அந்தப் பொறியாளர் நான்தான். மூன்று வரியும் பொய் இல்லை. நான்காவதாக ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அதை எழுதாமல் விட்டதும் நான்தான். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிவிட்டது, இனி என்னை யாரும் வேலையை விட்டுத் தூக்க முடியாது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்த நிலத்தைப் பற்றிக் கொஞ்சம். நான் குடியிருப்பது நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊர். எங்கள் பக்கத்து மண் சமர்த்து மண், படுக்கை படுக்கையாக ஒழுங்காகக் கிடக்கும். வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் கதையே வேறு. பனியுகத்தில் வடக்கிலிருந்து வந்த பெரும் பனிப்பாளம் நியூ ஜெர்சியின் பாதி வழியில் நின்றுவிட்டது. நின்ற இடத்திலும் அதற்கு வடக்கேயும், தான் சுமந்து வந்த மண், மணல், கூழாங்கல், வீட்டளவு பாறை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உருகிப் போனது. பனிக்கு அடியில் குகைபோல ஓடிய ஆறுகள் சரளைக்கல்லை நீள நீளமாகப் பாம்புபோல விட்டுவிட்டுப் போயின. அதன் மேல் ஏரி தேங்கி, ஏரி வண்டல் படிந்து, இன்று அதற்கும் மேலே மூன்று பெட்ரூம் வீடுகளும் பாஸ்கெட்பால் கம்பங்களும் நிற்கின்றன. மேலே பார்த்தால் எதுவும் தெரியாது. ஓரிடத்தில் துளை போட்டால் கெட்டிக் களிமண் வரும், பத்தடி தள்ளிப் போட்டால் தண்ணீர் பொங்கும் சரளை வரும். முப்பது வருடம் பார்த்தும் எனக்கு அந்த மண் பிடிபடவில்லை. பிடிபட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் அவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேலாளர் ஓர் அமெரிக்க அம்மையார். பாதி வாழ்க்கையைச் சரளைக் குவாரிகளில் கழித்தவர். இரண்டு துளைகளுக்கு நடுவே நிலத்தின் படத்தை வரையும்போது, நாம் பார்க்காத பகுதியில் கோட்டைத் துண்டு துண்டாக இழுத்து, ஒவ்வொரு இடைவெளியிலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவார். எனக்கு அதைக் கண்டாலே எரியும். நம் ஊர்ப் பரீட்சைப் பேப்பரில் கேள்விக்குறி போட்டு விடை எழுதினால் மார்க் கிடைக்குமா? தெரியாது என்று நாமே எழுதிக் கொடுத்தால் நாளைக்கு நம்மை எதற்குக் கூப்பிடுவார்கள்? இப்படியெல்லாம் நினைத்து, என் கைக்கு வந்த படங்களில் அந்தக் குறிகளை அழித்துவிட்டு அழகாக ஒரே கோடு இழுப்பேன். வாடிக்கையாளர்களுக்கு என் படங்கள் ரொம்பப் பிடிக்கும்.

மாரிஸ் கவுண்டியில் ஒரு சிற்றூர். கழிவுநீரை மேலேற்றும் பம்ப் நிலையம் கட்ட, ஒரு முட்டுச் சந்தின் கடைசி வீட்டுக்குப் பின்னால் இருபத்தைந்து அடி ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். நான்கு பக்கமும் இரும்புத் தகடு அடித்து உள்ளே தோண்டும் வேலை. இரண்டு துளை போட்டுப் பார்த்தோம், இரண்டிலும் அடியில் கெட்டிக் களிமண். நடுவிலும் அதுவே இருக்கும் என்று நான் ஒரே கோடாக இழுத்தேன். களிமண் தரை இருந்தால் அடியிலிருந்து தண்ணீர் வராது, சின்ன பம்ப் போதும் என்று கையெழுத்தும் போட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை அங்கிருந்து ஃபோர்மன் கூப்பிட்டார். வேலை பின்தங்கிவிட்டதால் சனிக்கிழமையும் நடந்துகொண்டிருந்தது. அவர் பேசியது ஆங்கிலம், கெட்ட வார்த்தைகளைக் கழித்துவிட்டுத் தமிழில் தருகிறேன்.

"உன் களிமண் தண்ணி விடுது. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். குழியின் அடியில் ஒரு மூலையில் தண்ணீர் சின்னதாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. நிறம் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி. வெறும் தண்ணீர் வந்தால் பெரிய பம்பைப் போட்டு இறைத்துவிடலாம். தண்ணீரோடு மண்ணும் வந்தால், வெளியே எங்கேயோ யாருடைய காலடியோ காலியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அன்று காலையில்தான் தகடுகளின் இடுக்கில் சிமென்ட் பால் ஊற்றியிருந்தார்கள். இந்த வெள்ளை சிமென்டா, மண்ணா?

எனக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தேன், தெரியவில்லை. விரலில் தேய்த்தேன், வழவழவென்றும் இருந்தது, நறநறவென்றும் இருந்தது. மேலாளர் அம்மையாருக்கு போன் போட்டேன், வாய்ஸ்மெயில். ஆறு பேர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அப்படி நிற்கும்போது தலைக்குள் எதுவுமே ஓடாது. இன்ஜினியர் என்று சொல்லித் தலையில் வைத்த மஞ்சள் தொப்பி மட்டும்தான் கனமாக இருக்கும்.

ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஓரமாக வைக்கச் சொன்னேன். கால் மணி கழித்து இன்னொன்று, மறுபடி கால் மணி கழித்து மூன்றாவது. முதல் பக்கெட்டில் அடியில் ஏதோ பூசின மாதிரி ஒரு படிவு. இரண்டாவதில் விரல் நக அளவு மணல். மூன்றாவதில் விரலின் முதல் கணு வரை. மெல்லிய, சீரான, பழுப்பு மணல். சிமென்டில் அது வராது.

"பம்பை நிறுத்துங்க. தெருவுல இருக்கிற ஃபயர் ஹைட்ரன்ட்டைத் திறந்து குழியைத் தண்ணியால ரொப்புங்க" என்றேன்.

ஃபோர்மன் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ரெண்டு வாரமா தண்ணிய வெளியேத்துறோம். இப்ப நீயே உள்ள விடச் சொல்றியா?"

அதுதான் வழி. உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் ஒரே மட்டமானால் ஓட்டம் நிற்கும், ஓட்டம் நின்றால் மண் நிற்கும். இதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். சொந்த வாயால் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை இல்லை. குரலை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டேன். ஆட்களையும் சாமான்களையும் மேலே ஏற்றிவிட்டு ஹைட்ரன்ட்டைத் திறந்தார்கள். குழி நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதுவரை மண் வந்துகொண்டுதான் இருக்கும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. குழியிலிருந்து அறுபது அடியில் அந்தக் கடைசி வீடு நின்றது. சந்து முழுக்கக் கார்கள். திறந்த ஜன்னல் வழியே நாதஸ்வரம்.

வாசலில் மாக்கோலம். உள்ளே வளைகாப்பு.

வீட்டுக்காரர் மல்லிகா, பொள்ளாச்சிப் பக்கம். தங்கை கயலுக்கு ஏழாம் மாதம், தன் வீட்டிலேயே விழா வைத்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும், பட்டுப்புடவையும் கையில் சந்தனமுமாகக் கதவைத் திறந்தார். மஞ்சள் தொப்பி போட்ட ஆசாமி தமிழில் பேசியதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, நம்மூருங்களா அங்கிள்? உள்ள வாங்க, சாப்டுட்டுப் போலாம்."

விஷயத்தைச் சொன்னேன். பின்னால் தோண்டும் குழியில் பிரச்சினை, வீட்டுக்கு அடியில் மண் நகரலாம், எல்லோரும் உடனே வெளியே வர வேண்டும். அவர் முகம் வெளுத்தது. கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். மணையில் கயல் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் முழங்கை வரை பச்சையும் சிவப்பும். ஒரு பெரியம்மா அடுத்த வளையலைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், இன்னும் மூணே பேருங்க. பன்னெண்டுக்கு நல்ல நேரம் முடியுது. ஆரத்தி எடுக்காம மணையில இருந்து எழுப்பக் கூடாதுங்களே. பத்து நிமிஷம் குடுங்க. பத்தே நிமிஷம். ப்ளீஸுங்க."

என் அமெரிக்க சகாக்களில் யார் அங்கே நின்றிருந்தாலும் "இப்பவே வெளியே" என்றிருப்பார்கள். மணை என்றால் என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, தெரியாததே நல்லதாகப் போயிருக்கும். எனக்குத் தெரியும். பாதி வளையலோடு ஒரு பிள்ளைத்தாய்ச்சியை எழுப்பி வெளியே ஓடவிட்டு, பிற்பாடு அவளுக்கு ஏதாவது ஒன்று ஆனால், காலத்துக்கும் அந்த வீட்டில் என் பெயரைச் சொல்லுவார்கள். என் மனைவிக்கு வளைகாப்பு நடந்த நாள்கூட ஒரு கணம் நினைவில் வந்து போனது. வீடு இதுவரை அசையவில்லை, சுவரில் ஒரு கீறல் இல்லை. பத்து நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றியது. என்ன ஆகிவிடும் என்று தெரியாது என்பது எனக்கு உறைக்கவில்லை.

"சரிம்மா, பத்து நிமிஷம்" என்றேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பொறுப்பாக நடந்துகொள்கிறேன் என்ற நினைப்பில் ஜன்னல் வழியே பார்த்தேன். கொல்லைப்புறப் புல்வெளியில் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். குழிக்கு ரொம்பப் பக்கம். பதறிவிட்டேன்.

"முதல்ல குழந்தைங்கள அங்கேர்ந்து கூப்பிடுங்க. முன்பக்கம் கராஜ் இருக்கு பாருங்க, அங்க விளையாடட்டும். அதுதான் குழிக்குத் தூரம், சேஃப்."

மல்லிகா ஓடிப்போய்க் கூட்டி வந்தார். பதினோரு குழந்தைகள். எண்ணினேன். நம் வீடுகளில் விசேஷம் என்றால் கராஜ்தான் செருப்பு விடும் இடம். கார்களைத் தெருவில் நிறுத்திவிட்டு கராஜைக் காலி பண்ணியிருந்தார்கள். சுவரோரம் எழுபது ஜோடிச் செருப்பு, நடுவில் வெறும் சிமென்ட் தரை. குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். படிக்கட்டிலிருந்து தரைக்குக் குதித்துக் குதித்து விளையாட ஆரம்பித்தார்கள். ஒரு சின்னப் பெண் என்னிடம் வந்து கேட்டாள்.

"அங்கிள், கேன் வி ஓப்பன் த பிக் டோர்?"

"நோ கண்ணா. ஸ்டே ஹியர்" என்றேன்.

கூடத்தில் வளையல் சத்தம். யாரோ என் கையில் ஒரு தட்டைக் கொடுத்தார்கள், புளியோதரையும் தேங்காய்ச் சாதமும். தட்டைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன், ஒரு வாய்கூட இறங்கவில்லை. பத்து நிமிடம் பதினான்கு நிமிடமானது. ஆரத்தி எடுத்தார்கள். பிறகு எழுபது பேரும் எந்தக் கூச்சலும் இல்லாமல் வரிசையாக வெளியே வந்தார்கள், கயல் வளையல் குலுங்கக் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டு. குழந்தைகளை நானே கராஜிலிருந்து எண்ணி அனுப்பினேன். தெருவின் அந்தக் கோடியில் எல்லோரும் நின்றார்கள். குழி நிறைந்தது, கொப்பளிப்பு அடங்கியது. ஃபோர்மன் வந்து என் தோளில் தட்டினார்.

பாதிப் பேர் வெறுங்காலோடு நிற்பதைப் பார்த்து, செருப்புகளையாவது எடுத்துக் கொடுப்போம் என்று நான் கராஜுக்குள் போனேன். நடுவில் கால் வைத்ததும் சத்தம் வேறாகக் கேட்டது. காலிப் பானையைத் தட்டினால் வருகிற சத்தம். ஓரமாகப் போய் மிதித்தேன், கெட்டி. மறுபடி நடுவில், காலி. திரும்பாமல் பின்பக்கமாகவே எட்டு வைத்து வெளியே வந்தேன்.

பிற்பாடு ஓரத்திலிருந்து துளைபோட்டு நாலரை அடிக் கம்பியை விட்டார்கள். கம்பி முழுதும் போனது, அடி தட்டவில்லை. ஒரு கார் நிற்கிற அளவுக்கு அந்தத் தரைக்குக் கீழே வெற்றிடம். சிமென்டுக்குள் கம்பி வலை போட்டிருந்ததால் தரை தொங்கிக்கொண்டு நின்றிருக்கிறது. கொல்லைப்புறத்தில் ஒரு கைப்பிடி மண்கூட நகரவில்லை. பனிக்கு அடியில் ஓடிய ஏதோ ஓர் ஆறு, என் இரண்டு துளைகளுக்கும் நடுவே நுழைந்து, சாய்வாகத் திரும்பி, கொல்லையைத் தொடாமல் நேராகக் கராஜின் அடியில் போயிருக்கிறது. அந்தச் சரளை வழியாகத்தான் மணல் வந்தது. தூரமாக இருப்பது பத்திரமானது என்று நான் எதை வைத்து நினைத்தேன்? இன்றுவரை யோசிக்கிறேன். எந்தக் கணக்கும் அப்படிச் சொல்லவில்லை. பயந்த மனிதன் குழியைப் பார்த்து முதுகைக் காட்டி ஓடும் திசை அது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அறிக்கை எழுதினேன். துளைகளுக்கு இடையில் சரளை இருந்தது தெரியாமல் போனதை எழுதினேன், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லை. பக்கெட்டுகளை எழுதினேன், குழியை நிரப்பியதை எழுதினேன். பிறகு இப்படி எழுதினேன்: "வீட்டார் வேண்டுகோளின் பேரில் வெளியேற்றம் பதினான்கு நிமிடம் தாமதமானது. குழந்தைகள் கொல்லைப்புறத்திலிருந்து அகற்றப்பட்டனர்."

இரண்டு வாக்கியமும் உண்மை. மேலாளர் அம்மையார் படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார், "எங்கே அகற்றப்பட்டனர்?"

"வீட்டுக்குள்" என்றேன். கராஜும் வீட்டைச் சேர்ந்ததுதானே.

அவர் பேனாவை எடுத்தார். "நீதான் அங்கே இருந்தாய்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அந்த வருடம் எனக்குப் பாராட்டுக் கடிதமும் பதவி உயர்வும் வந்தன. ஸ்லைடும் வந்தது. முதல் சில வருடம் அந்த வகுப்பை நானே எடுத்தேன். குழந்தைகள் எங்கே போனார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

கயலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மல்லிகா எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார், "உங்க புண்ணியம் அங்கிள்" என்று. நான் கும்பிடு எமோஜி போடுவேன். போன வருடம் படத்தில் அந்தப் பெண் என் தோளுயரத்துக்கு வளர்ந்திருந்தாள். இதற்கு மேல் தாங்காது என்று காரை எடுத்துக்கொண்டு அந்த முட்டுச் சந்துக்குப் போனேன்.

காபி வந்தது. குடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். குழந்தைகளைக் கராஜுக்கு அனுப்பச் சொன்னது நான். அதை அறிக்கையில் எழுதாமல் மறைத்ததும் நான்.

மல்லிகா எழுந்து போய்ச் சமையலறைக்குப் பக்கத்துக் கதவைத் திறந்து காட்டினார். கராஜ். புதுத் தரை, பெயின்ட் அடித்த சுவர், உள்ளே ஒரு சாமான் இல்லை. சைக்கிள் இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. பனிக்காலத்தில்கூட இரண்டு காரையும் வெளியேதான் நிறுத்துகிறார்களாம்.

"நீங்க சொன்னீங்களா அங்கிள்?" என்றார். "இன்சூரன்ஸ்காரங்க அந்த ரிப்போர்ட்ட எனக்கும் ஒரு காப்பி அனுப்புனாங்க. நான் டைம் கேட்டேன்னு மட்டுந்தாங்க அதுல இருந்துச்சு. குழந்தைங்கள யாரு கராஜுக்கு அனுப்புனதுன்னு ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு இருந்த டென்ஷன்ல எனக்கே எல்லாம் குழம்பிப் போச்சு. கூட்டிட்டுப் போய் விட்டது நான்தானுங்களே. அப்ப முடிவு பண்ணதும் நானாத்தான் இருக்கும்னு நெனச்சுட்டேன்."

மன்னித்துக்கொள்ளம்மா என்றேன்.

"பதினோரு பேரோட அம்மாங்ககிட்டயும் தனித்தனியா போய் சாரி கேட்டேன் அங்கிள். ஒன்பது பேரு விடு மல்லின்னுட்டாங்க. ரெண்டு பேரு இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்லைங்க."

அந்த இருவரின் போன் நம்பரையும் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒருவர் இப்போது கேட்டி என்ற ஊருக்குக் குடிபோய்விட்டார், அவரிடம் பேசிவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மல்லிகா நம்பர் மாறலையே?" என்று மட்டும் கேட்டார். இன்னொருவர் போனை எடுப்பதில்லை. எடுக்கும்வரை அடித்துக்கொண்டிருக்கிறேன்.